அமிலப் பூட்டு

மேலூர் பஸ் ஸ்டாண்டில் வேல்சாமி விழுந்து செத்தபோது அவர் உடம்பில் மருந்துக்குக்கூடப் புற்றுநோய் இல்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை அதைத்தான் முதலில் சொன்னது. கணையத்தில் இருந்த கட்டி போன இடம் தெரியவில்லை. ஈரலில் பரவியிருந்த புள்ளிகள் வெறும் தழும்பாகச் சுருங்கியிருந்தன. ஆனால் தொடைத் தசைகளும் கெண்டைக்கால் தசைகளும் இதயமும், கொதிநீரில் முக்கியெடுத்த கறியைப் போல வெளிறி விறைத்துக் கிடந்தன.

நடந்தது இவ்வளவுதான். வேல்சாமிக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். மதுரையில் செம்புக்கம்பி வாங்கக் கிளம்பியிருக்கிறார். பஸ் நகர்ந்துவிட்டது. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். கண்டக்டர் கை நீட்ட, படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டார்.

டாக்டர் மங்கையர்க்கரசி அந்த அறிக்கையை நின்றபடியே படித்தாள். முடிப்பதற்குள்ளேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் ஆல்பர்ட் தவமணியின் அறைக்குப் போனாள். ஆராய்ச்சி மருத்துவமனையின் மேல்தளத்தில், யானைமலை முழுசாகத் தெரிகிற ஜன்னல் அவருடையது. அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எலிகளுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"எலிக கூண்டுல இருந்துச்சு சார். அதுக்குள்ள ஓட எடம் ஏது?"

"நோயாளிங்க?"

"எல்லாரும் படுத்த படுக்கையா வந்தவங்க. எந்திரிச்சு பாத்ரூம் போனதையே நாம கைதட்டிப் பாத்துக்கிட்டிருந்தோம். ஓடுற அளவுக்குத் தேறின முதல் ஆளு வேல்சாமிதான்."

தவமணி ஜன்னல் பக்கம் திரும்பினார். வேல்சாமிக்குக் கொடுத்த அந்தச் சிகிச்சைக்கு மருத்துவமனை வைத்த நீளமான பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. நோயாளிகள் அதைப் பூட்டு என்றுதான் சொன்னார்கள். கொஞ்ச நாளில் டாக்டர்களும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து செல்களை எடுத்து, ஒரு புரதத்தைச் சுரக்கும்படி திருத்தி, திரும்ப உடம்புக்குள் வைப்பது. அந்தப் புரதம் ரத்தத்தோடு ஓடி, அமிலத்தை வெளியேற்றுகிற பம்புகளை மட்டும் தேடிப்போய் அடைத்துவிடும். மங்கையின் பதினைந்து வருஷத்து உழைப்பு அது.

"எடுத்துர முடியுமா?" என்றார் தவமணி.

"சாகுற வரைக்கும் இருக்கணும்னுதான சார் வச்சோம்."

"சரி. எல்லாரையும் கூப்புட்டு, கடுமையான வேலை செய்ய வேண்டாம்னு சொல்லிருவோம்."

"கடுமைன்னா எது சார்? பஸ்ஸப் பிடிக்கிறது கடுமையா? அவங்ககிட்ட உள்ளதச் சொல்லணும். ஓடுனா செத்துருவீங்கன்னு சொல்லணும்."

தவமணி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "நீயே சொல்லு" என்றார்.

அவள்தான் சொன்னாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி உட்கார வைத்து, அதே விஷயத்தைச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். ஒரு ரிட்டயர்டு தாசில்தார், ஓடி முப்பது வருஷம் ஆச்சு என்று சொல்லி அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பவுன்தாயி சிரிக்கவில்லை.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லாரியிலிருந்து தக்காளிப் பெட்டிகளை இறக்கிக் கடைகளுக்குச் சுமக்கிற வேலை அவளுக்கு. வயது நாற்பதைத் தொடவில்லை. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். தன்ஷிகா என்று ஒரே மகள், நாலாம் வகுப்பு. மஞ்சள் காமாலை என்று நினைத்து வைத்தியம் பார்த்துப் பார்த்து, கடைசியில் கணையத்தில் கட்டி என்று தெரிந்து, எலும்பும் தோலுமாக வந்தவள். இப்போது கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அடுத்த வாரம் மறுபடி மார்க்கெட்டுக்குப் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்க கட்டி இருந்துச்சுல்ல பவுன்தாயி, அது சர்க்கரையக் கண்டபடி எரிக்கிற சாதி. எரிச்சா அமிலம் வரும். உள்ள தங்குனா அதுவே செத்துப்போகும். அதனால பம்பு வச்சு வெளிய எறைச்சிரும். சாயப்பட்டறைக்காரன் கழிவ வாய்க்கால்ல தெறந்துவிடுவான் பாருங்க, அந்த மாதிரி. தன் வீட்டச் சுத்தமா வச்சுக்கிட்டு பக்கத்து வீட்டுல கொட்டும். பக்கத்து வீடு புளிச்சு அழுகுனா அந்த எடத்தையும் புடிச்சுக்கும். அந்தப் பம்ப நாங்க பூட்டுனோம். கழிவு உள்ளயே தேங்கி அது செத்துச்சு."

"நல்லதுதான டாக்டரம்மா?"

"நல்லதுதான். ஆனா நாம ஓடுனா, பாரம் தூக்குனா, நம்ம தசையும் அப்படித்தான் சர்க்கரைய எரிக்கும். அதே அமிலம். அதே பம்பு."

பவுன்தாயி தன் முன்னங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதயும் பூட்டிட்டீக."

"ஆமா."

"அப்ப நான் எதத் திங்கிறது?"

 அன்றைக்குச் சாயங்காலமே மங்கை தவமணியிடம் சண்டை போட்டு, வெளிநோயாளிகள் பகுதியில் டோக்கன் கொடுக்கிற வேலையை அவளுக்கு வாங்கித் தந்தாள். உட்கார்ந்த இடத்து வேலை. ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு வாடகை வீடும் பார்த்துக்கொடுத்தாள்.

பூட்டுப் போட்டவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை உருவானது. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினார்கள். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் அது கத்தும். படி ஏறக்கூடாது. குடம் தூக்கக்கூடாது. கோபப்படக்கூடாது, அழக்கூடாது என்றுகூடச் சொன்னார்கள். மாதம் ஒருமுறை எல்லாரையும் வரச்சொல்லி மங்கை ஒரு பாடம் நடத்துவாள். "வீடு தீப்பிடிச்சாலும் நடந்துதான் வெளிய வரணும். நடந்தா வந்து சேருவீங்க. ஓடுனா பாதியில விழுந்துருவீங்க." அதை எல்லாரையும் ஒருமுறை திருப்பிச் சொல்ல வைப்பாள். பவுன்தாயி முன்வரிசையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டிக்கொண்டு சொல்லுவாள். கொஞ்ச காலத்தில், அவர்கள் தெருவில் வரும்போதே நடையை வைத்து ஊர் அடையாளம் கண்டுகொண்டது.

விஷயம் வெளியே தெரிந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. மூன்று மாதத்தில் சாவு என்று நாள் குறிக்கப்பட்டவனுக்கு மெதுவாக நடப்பது ஒரு விலையா? சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் காரில் வந்தார்கள். யாருக்குப் போடலாம் என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்தார்கள். குழு கேட்ட முதல் கேள்வி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன், கணக்கு எழுதுகிறவன், வட்டிக்கு விடுகிறவன் எல்லாரும் உள்ளே போனார்கள். கொத்தனாரும் வயல்வேலைக்காரியும் திரும்பிப் போனார்கள். அவர்களைக் கொல்லக்கூடாது என்றுதான் அந்த விதியை வைத்தார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஒருநாள் மாயாண்டி என்று ஒரு சுமைதூக்கும் ஆள் வந்தான். பவுன்தாயியோடு மார்க்கெட்டில் சேர்ந்து வேலை பார்த்தவன். அவள் கையாலேயே டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து, அவளிடம் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். மதியம் மங்கை அந்தப் பக்கம் வந்தபோது பவுன்தாயி கேட்டாள்.

"எனக்குக் குடுத்தீகள்ல டாக்டரம்மா. அவனுக்கு ஏன் இல்ல?"

"அப்ப எங்களுக்குத் தெரியாதுல்ல."

"தெரிஞ்சிருந்தா எனக்கும் குடுத்திருக்க மாட்டீக."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது. மங்கை அவள் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தாள். மாயாண்டி அந்த வருஷத்துக் கோடையைத் தாண்டவில்லை.

தன்ஷிகா பள்ளிவிட்டதும் ஷேர் ஆட்டோவில் மருத்துவமனைக்கு வந்துவிடும். டோக்கன் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். வேலை முடிந்ததும் அம்மாவும் மகளும் கண்மாய்க் கரை வழியாக வீட்டுக்குப் போவார்கள். அந்தக் குழந்தைக்கு நடக்கவே வராது. முன்னால் ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், அம்மா பாதிதூரம் வந்ததும் மறுபடி ஓடும். மங்கை காரில் போகும்போது பலதடவை பார்த்திருக்கிறாள். ஒருதரம் வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொன்னாள். "இருக்கட்டும் டாக்டரம்மா, இவளாச்சும் ஓடட்டும்" என்று சிரித்தாள் பவுன்தாயி.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் கண்மாய் நிறைந்தது. கோடையில் வண்டல் மண் எடுத்த குழிகள் தண்ணீருக்கடியில் எங்கே இருக்கின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. கார்த்திகையில் ஒரு சாயங்காலம், முன்னால் ஓடிய தன்ஷிகா கரையிலிருந்து இறங்கி, பூத்திருந்த ஆம்பலைப் பறிக்கத் தண்ணீரில் கால் வைத்தது. முழங்கால் அளவு தண்ணீர்தான். அடுத்த எட்டில் குழி.

பவுன்தாயி பார்த்துவிட்டாள். அவளுக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு தெருநீளம் கூட இருக்காது. கத்தினாள். கரையில் யாரும் இல்லை. தூரத்தில் மாடு ஓட்டிப் போனவன் திரும்பிப் பார்த்தான். அவன்தான் பிறகு எல்லாரிடமும் சொன்னான். அந்தம்மா கத்திக்கொண்டே நடந்து போச்சு, ஓடவே இல்லை, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்துபோய்த் தண்ணியில் இறங்குச்சு என்று. அவன் ஓடிவந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் குழி பவுன்தாயிக்குக் கழுத்தளவுகூட இல்லை.

மங்கை போனபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பவுன்தாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழக்கூடாது என்ற விதியையும் அவள் கடைப்பிடிக்கிறாள் என்பது மங்கைக்கு உறைத்தது. பொம்பளைகள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். நடந்து வந்தாளாம். பெத்த பிள்ளை முங்குது, நடந்து வந்தாளாம். திருப்பூரிலிருந்து வந்திருந்த புருஷன் அதைக் குசுகுசுவென்று சொல்லவில்லை. முற்றத்தில் நின்று ஊர் கேட்கச் சொன்னான்.

மங்கை எழுந்தாள்.

"நான் இவங்களுக்கு வைத்தியம் பாத்த டாக்டர். இவங்க ஓடியிருந்தா பாதி வழியிலயே செத்து விழுந்திருப்பாங்க. பிள்ளைய யாரும் காப்பாத்தியிருக்க முடியாது. நடந்து போனாத்தான் போய்ச் சேர முடியும். அதத்தான் செஞ்சாங்க. நான் சொல்லிக் குடுத்தத செஞ்சாங்க. இதுக்கு மேல யாரும் பேசக்கூடாது."

 பவுன்தாயி தலையைத் தூக்கி அவளை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருப்பதாக மங்கை நினைத்துக்கொண்டாள்.

காரியம் முடிந்தபிறகு பவுன்தாயி வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பினால் வீடு பூட்டியிருந்தது. மார்கழி போய்த் தை பிறந்தது. ஒருநாள் காலை, கேண்டீனுக்குக் காய்கறி போடுகிற இப்ராஹிம் பாய் மங்கையைத் தேடிக்கொண்டு அறைக்கே வந்தார்.

"டோக்கன் குடுக்குற அம்மா இருக்குல்ல டாக்டர், அது மார்க்கெட்ல பெட்டி தூக்குது. நாங்க சொல்லிப் பாத்தோம், கேக்க மாட்டேங்குது. செத்துப்போகும்னு பயமா இருக்கு."

மங்கை கோட்டைக்கூடக் கழற்றாமல் காரை எடுத்தாள். மாட்டுத்தாவணியில் லாரிகள் வரிசையாக நின்றன. அழுகிய முட்டைக்கோஸ் இலைகள் மேல் வழுக்கி, ஆட்களை இடித்துக்கொண்டு ஓடினாள். மூன்றாவது வரிசையில் பவுன்தாயி கண்ணில் பட்டாள். தலையில் சும்மாடு, அதன்மேல் இரண்டு தக்காளிப் பெட்டி. லாரிக்கும் கடைக்கும் நடுவில் வேகுவேகென்று போய்க்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் பட்டை இல்லை.

"பவுன்தாயி, இறக்குங்க. இறக்கி வைங்க அத."

அவள் கடைக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கிவிட்டுத்தான் திரும்பி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. மூச்சு சீராக இருந்தது. மங்கைதான் இரைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

"மார்கழி மொதக்கொண்டு."

"சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"சாகவா? இல்ல டாக்டரம்மா." பவுன்தாயி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "தெரிஞ்சுக்கணும்னு வந்தேன்."

ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். மங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோணிக்குள் வெங்காயம் நெறுநெறுத்தது.

"அன்னைக்கு அவளத் தண்ணிக்குள்ளருந்து எடுத்தேன்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உசுரு இல்லன்னு. சரி, தூக்குவோம், தூக்குனா நாமளும் போயிருவோம், ரெண்டு பேரும் சேந்து போயிருவோம்னு நெனச்சுத்தான் தோள்ல போட்டேன். பட்டை கத்திக்கிட்டே இருந்துச்சு. மேடு ஏறுனேன். ரோடு வரைக்கும் வந்தேன். இப்ப விழுவேன், இப்ப விழுவேன்னு பாத்துக்கிட்டே வந்தேன். விழல." நிறுத்தினாள். "நீங்க பந்தல்ல எந்திரிச்சு, ஓடியிருந்தா செத்துருப்பான்னு சொன்னீகளே, அப்ப அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்படின்னா ஏன் விழலன்னு."

 மாடு ஓட்டியவன்தான் குழந்தையைத் தூக்கிவந்தான் என்று மங்கை அவளாகவே நினைத்திருந்தாள். யாரையும் கேட்கவில்லை.

"ஒரு பெட்டி தூக்கிப் பாத்தேன். ரெண்டு தூக்கிப் பாத்தேன். பொறகு அந்தா, அந்த கேட்டு வரைக்கும் ஓடிப் பாத்தேன். ஒண்ணும் ஆகல டாக்டரம்மா. பூட்டு தெறந்துக்கிருச்சா?"

"தெரியல. ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

"எடுங்க. எப்பத் தெறந்துச்சுன்னும் பாத்துச் சொல்லுங்க."

அந்த மூட்டையின் மேலேயே கையை நீட்டினாள். மங்கை காரிலிருந்து பையை எடுத்துவந்து ரத்தம் எடுத்தாள்.

மாதாமாதம் எல்லாருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள். பூட்டு இருக்கிறதா என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மங்கைக்கே தோன்றவில்லை. சாகும்வரை இருக்கும்படி செய்த ஒன்றை, இருக்கிறதா என்று எதற்குத் தேட வேண்டும்? ஆய்வகத்தில் உட்கார்ந்து தேடியபோதுதான் தெரிந்தது. பவுன்தாயியின் மஜ்ஜைக்குள் பழைய செல்கள் மறுபடி தலையெடுத்து, திருத்திய செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டியிருந்தன. அது ஒரு நாளில், ஒரு மாதத்தில் நடக்கிற காரியம் அல்ல. மஜ்ஜை எந்த வேகத்தில் மாறும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மிச்சமிருந்த அளவிலிருந்து, பூட்டு எப்போது விட்டது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேறொரு முறையிலும் போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை.

தவமணி விடையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"மத்தவங்க எல்லாருக்கும் உடனே பாக்கணும்."

"ஆள் அனுப்பிட்டேன் சார்."

"அந்தப் பொம்பளைக்கு..." என்று இழுத்தார். "கார்த்திகையிலதான் தளர ஆரம்பிச்சுச்சுன்னு சொல்லிரும்மா. யாருக்கு என்ன நஷ்டம்? அவ பாவம், மிச்ச நாளை ஓட்டணும்ல."

மற்றவர்களுக்குப் பார்த்தபோது, சிலருக்குப் பூட்டு அப்படியே இருந்தது. சிலருக்குத் தளர்ந்திருந்தது. இரண்டு பேருக்குப் பூட்டு போய்க் கட்டி மறுபடி துளிர்த்திருந்தது. தாசில்தாருக்குப் பூட்டு விட்டுப்போயிருந்தது, கட்டியும் இல்லை. நீங்கள் ஓடலாம் என்று சொன்னபோது அவர், "எதுக்கும் நான் நடந்தே போறேனே" என்று பட்டையைக் கழற்ற மறுத்துவிட்டார். மனைவி அவர் கையைப் பிடித்து மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

மங்கை மறுபடி மார்க்கெட்டுக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. லாரிகள் குறைந்து, ஆட்கள் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் அவள் தவமணி சொன்னதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். கார்த்திகையில்தான் தளர ஆரம்பித்திருக்கும். கார்த்திகையில்தான் தளர ஆரம்பித்திருக்கும். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது.

பவுன்தாயி அவளைக் கண்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சுச்சா?"

"கட்டி திரும்ப வரல. ஆனா பூட்டு இல்ல. அதனால எப்ப வேணும்னாலும் வரலாம். நீங்க மாசாமாசம் வந்து பாத்துக்கணும்."

"அது இருக்கட்டும். எப்பத் தெறந்துச்சு?"

மங்கை வாயைத் திறந்தாள். அவள் எதிரே நின்றவள் இவ்வளவு நாளும் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்படியே நம்பி நடந்தவள். நடந்து போனவள்.

"புரட்டாசிக்கு முன்னாடியே விட்டுப்போச்சு."

பவுன்தாயியின் உதடு மட்டும் அசைந்தது. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"அப்ப ஓடிருக்கலாம்."

"ஆமா."

"ஓடிருந்தா புடிச்சிருப்பேன்."

"புடிச்சிருப்பீங்க."

பக்கத்தில் யாரோ தராசுத் தட்டைத் தட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பவுன்தாயி கீழே கிடந்த ஒரு தக்காளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"பந்தல்ல நீங்க சொன்னதுலருந்து எல்லாரும் நான் செஞ்சது சரின்னே சொல்லிக்கிட்டிருந்தாக.  எனக்கு மட்டும் அது உள்ள எறங்கவே இல்ல. பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நெனச்சேன்."

"என்னைய மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல பவுன்தாயி."

"கேக்காதீக. குடுக்க எங்கிட்ட இல்ல."

 மங்கை பேச்சை மாற்றினாள். மருத்துவமனை வேலை அப்படியே இருக்கிறது என்றாள். கட்டி திரும்ப வந்தால் மறுபடி பூட்டலாம், இந்தத் தடவை மாதாமாதம் பூட்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்றாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி மாதிரி கேட்டது.

"வேணாம்" என்றாள் பவுன்தாயி. "வந்தா அது பாட்டுக்கு வரட்டும். இனி என்னைய யாரும் பூட்ட வேணாம்."

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். கடைசியாக வந்த லாரி, இறக்க ஆள் போதவில்லை. பவுன்தாயி சும்மாட்டுத் துணியை உதறிச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, லாரியிலிருந்து தரையில் இறக்கியிருந்த பெட்டிகளின் பக்கம் போனாள். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றை அடுக்கிவிட்டு, சுற்றிலும் பார்த்தாள். ஏற்றிவிட யாரும் பக்கத்தில் இல்லை.

"டாக்டரம்மா, ஒரு கை ஏத்திவிடுங்க."

மங்கை நின்ற இடத்தில் நின்றாள்.

"சும்மா புடிங்க. தனியாத் தூக்க முடியாது."

அவள் போய்க் குனிந்து, பெட்டியின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். பவுன்தாயி மறுபக்கம் பிடித்தாள். அவ்வளவு கனத்தை மங்கை வாழ்க்கையில் தூக்கியதில்லை. முழங்கையிலிருந்து தோள்வரை தசையெல்லாம் தீயாக எரிந்தது. இருவருமாகத் தம்பிடித்து, இடுப்புக்குக் கொண்டுவந்து, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தலைமேல் ஏற்றினார்கள்.

பவுன்தாயி கழுத்தை நிமிர்த்திப் பாரத்தை ஒருமுறை சரிசெய்துகொண்டாள். பிறகு லாரிகளுக்கு நடுவில் கடையை நோக்கி ஓடினாள்.